கோடை விடுமுறையில் ஓர் ஏரியை ஆராய்வது எப்படி: இளங்கலை மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மே, ஜூன் மாதங்களில் பேராசிரியர் ஒருவருடைய வழிகாட்டுதலில் ஓர் ஏரியின் நீர்த்தரத்தைப் பார்க்கப் போகும் பி.எஸ்சி. மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேதியியல், விலங்கியல், தாவரவியல் எதுவானாலும் சரி. மாணவனாக நான் ஒரு கோடை முழுக்க இந்த வேலையைச் செய்து பாதியைக் கோட்டைவிட்டேன். அப்புறம் அதே ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக இருந்தபோது, எனக்குப் பின்னால் வந்தவர்களும் அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன். ஏரிக்கரையில் விழுந்தவர்கள் குறைவு. கரைக்குப் போகும் முன் செய்யவேண்டியதைப் பின்னால் தள்ளியதில்தான் நிறையப் பேர் விழுந்தார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையைக் கூடுமானவரை மாற்றாதீர்கள்.

1. ஆசிரியரை ஜனவரியிலேயே பாருங்கள்

ஏப்ரல் கடைசியில் போய்க் கேட்டால் பெரும்பாலும் "பார்க்கலாம்பா" என்ற பதில்தான் வரும். அது மறுப்பு இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு விடைத்தாள் திருத்தும் முகாம் இருக்கும், அது முடிந்தால் சேர்க்கை வேலை இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் கேட்டால்தான் உங்களுக்கென்று அவர் நாள் ஒதுக்க முடியும், தேவையான ரசாயனங்களைத் துறையின் கொள்முதல் பட்டியலில் சேர்க்கவும் முடியும்.

வேறு ஊரில் பெரிய ஆய்வு நிறுவனத்தில் செய்ய ஆசை என்றால் இன்னும் முன்னால் கிளம்பவேண்டும். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அது கைநழுவிவிட்டால் சொந்தக் கல்லூரியில் செய்வது ஒன்றும் குறைவில்லை. ஆசிரியர் பக்கத்திலேயே இருப்பார், சந்தேகம் வந்த அன்றைக்கே கேட்கலாம்.

"சார், ஏதாவது டாபிக் கொடுங்க" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். அரைப்பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்த ஏரி, என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள் வரமுடியும், விடுதி மூடினால் எங்கே தங்குவீர்கள். கடைசிக் கேள்வியை எல்லோரும் மறக்கிறார்கள். மே மாதம் விடுதி பூட்டியதும் ஆய்வு நின்றுபோன பெண்களை எனக்குத் தெரியும். அது முன்கூட்டித் தெரிந்திருந்தால் அவர்கள் ஊர்ப்பக்கத்து ஏரியையே எடுத்திருக்கலாம்.

2. கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"ஏரியின் மாசுபாடு ஓர் ஆய்வு" என்பது கேள்வியே இல்லை. எதை அளப்பது, எப்போது நிறுத்துவது என்று அது சொல்லாது. "வரத்துக்கால்வாய் ஏரிக்குள் நுழையும் இடத்துக்கும் கலங்கலுக்கும் (மிகுநீர் வெளியேறும் இடம்) நடுவில் நீரின் தரம் மாறுகிறதா?" என்பது கேள்வி. இதற்கு மூன்று இடம் போதும்: நுழைவாய், நடுப்பகுதி, கலங்கல் பக்கம்.

அளப்பவை: வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), நைட்ரேட், பாஸ்பேட். முதல் கோடைக்கு இந்த ஏழே அதிகம். கன உலோகம் பார்க்கவேண்டும் என்று ஆசை வரும். அதற்கான கருவி உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் மாதிரிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி வெளியே கொடுக்கவேண்டும், முடிவு வருவதற்குள் ஜூலை பிறந்துவிடும்.

ஏரியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை நேரில் பாருங்கள். நம் ஊரில் மானாவாரி ஏரிகள் பல மே மாதம் காய்ந்து கிடக்கும், பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். நகரத்தை ஒட்டிய ஏரியில் கத்திரி வெயிலிலும் தண்ணீர் தளும்பினால் அது எங்கிருந்து வருகிறது என்று சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் வீட்டுக் கழிவுநீர்தான். அதையே ஆய்வுக் கேள்வியாகவும் ஆக்கலாம்.

3. நாட்களைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள்

எட்டு வாரம் என்பது கேட்க நிறைய நாள் போலிருக்கும். கடைசி இரண்டு வாரம் அறிக்கை எழுத. முதல் வாரமும் அடுத்ததில் பாதியும் ஆய்வகப் பயிற்சிக்கு. வெள்ளோட்டத்துக்கும் அதில் செய்த தவறுகளைத் திருத்துவதற்கும் சேர்த்து மூன்று நாள். மிச்சம் நான்கு வாரம். வாரம் ஒருமுறை போனால் நான்கு தடவை. அதில் ஒன்றைக் கோடைமழையோ பஸ் ஸ்டிரைக்கோ கெடுக்கும். ஆக உங்கள் கோடை மொத்தமே மூன்று, நான்கு நாள் மாதிரிகள்தான் என்று தெரிந்துகொண்டு கேள்வியை மறுபடி பாருங்கள்.

எந்தக் கிழமை போவது என்பதை பி.ஓ.டி. தீர்மானிக்கும். இந்தியத் தர நிர்ணய முறைப்படி மாதிரிப் பாட்டிலை 27 டிகிரி இன்குபேட்டரில் மூன்று நாள் வைப்பதே நம் ஆய்வகங்களில் வழக்கம். வியாழக்கிழமை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கவேண்டும், ஆய்வகம் பூட்டியிருக்கும். திங்கள் வைத்தால் வியாழன், செவ்வாய் வைத்தால் வெள்ளி. எனவே திங்கள் அல்லது செவ்வாய் காலையில் ஏரிக்குப் போங்கள்.

எத்தனை இடம் என்பதைப் பாட்டில் தீர்மானிக்கும். ஒரு மாதிரிக்கு மூன்று விதமாக நீர்த்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொன்றிலும் முதல்நாள் அளவுக்கு ஒரு பாட்டில், மூன்றாம் நாளுக்கு ஒரு பாட்டில். ஆக ஆறு. மூன்று இடத்துக்குப் பதினெட்டு, மாதிரி சேர்க்காத வெற்று நீருக்கு இரண்டு, மொத்தம் இருபது. எங்கள் ஆய்வகத்தில் இருந்தவை 24, அதில் இரண்டுக்கு மூடி பொருந்தாது. எட்டு இடத்தில் எடுக்கப் போகிறேன் என்று வந்த ஒரு குழு இந்தக் கணக்கைப் போட்டதும் அமைதியாக மூன்றுக்கு இறங்கியது.

4. ஏரி யாருடையது என்று கேளுங்கள்

தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையின் கையில் இருக்கும், அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். வேடந்தாங்கல் போன்ற சரணாலயம் என்றாலும், பள்ளிக்கரணை போல வனத்துறைப் பொறுப்பில் உள்ள சதுப்புநிலம் என்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பாட்டில் தண்ணீர்கூட எடுக்காதீர்கள். அந்த அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். முதல் ஆய்வுக்கு அந்த மாதிரி இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்கி, நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கொடுத்துவிடுங்கள். மீன் குத்தகை எடுத்தவரை மறக்கவேண்டாம். காலை ஆறு மணிக்குக் கரையில் பாட்டிலும் கையுமாக நாலு பேர் நின்றால், அவருடைய மீனில் விஷம் கலக்க வந்தவர்கள் என்றுதான் முதலில் தோன்றும். முன்னாலேயே போய் "அண்ணே, தண்ணி டெஸ்ட் பண்ண வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டால் அவரே பரிசலில் நடு ஏரிக்குக் கூட்டிப்போவார். பரிசலில் ஏறினால் மிதவைச் சட்டை கட்டாயம்.

5. முதலில் குழாய்த் தண்ணீரில் பழகுங்கள்

எல்லோரும் தாண்டிவிட நினைப்பது இந்தப் படியைத்தான். ஏழு அளவீடுகளையும் குழாய்த் தண்ணீரில் ஒரு வாரம் செய்துபாருங்கள். ஒரே பாத்திரத்துத் தண்ணீரை மூன்று முறை அளந்து, மூன்றும் நெருங்கி வரும்வரை விடாதீர்கள். உங்கள் கை எவ்வளவு ஆடுகிறது என்று தெரியாவிட்டால், நாளைக்கு நுழைவாய்க்கும் கலங்கலுக்கும் வரும் வித்தியாசம் ஏரியினுடையதா, உங்கள் கையினுடையதா என்று சொல்லமுடியாது.

பி.எச். மீட்டரை 4, 7, 9.2 என்று பி.எச். தெரிந்த தாங்கல் (பஃபர்) கரைசல்களில் ஒவ்வொரு நாளும் சரிபாருங்கள். நேற்றுச் சரியாக இருந்தது இன்றைக்குச் சாட்சி ஆகாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். ஆக்சிஜன் சோதனைக்கான காரக் கரைசலில் சோடியம் அசைடு இருக்கிறது, அது கொடிய நஞ்சு.

இந்த வாரத்தில் செய்யவேண்டிய இன்னொன்று, லேப் அண்ணனோடு (ஆய்வக உதவியாளர்) பழகுவது. எந்தத் தயோசல்பேட் எப்போது கரைத்தது, இன்குபேட்டர் எத்தனை டிகிரிக்கு மேல் தடுமாறும், விடுமுறையில் சாவி யாரிடம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆசிரியருக்கே தெரியாது.

6. ஒருமுறை வெள்ளோட்டம்

ஓர் இடத்தில் ஒரு மாதிரி. போய், எடுத்து, கொண்டுவந்து, கடைசி எண் வரை. கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கே நேரம் போகிறது என்று பார்க்கத்தான் இது. ஏரியிலிருந்து ஆய்வகம் முக்கால் மணி என்று நினைத்திருப்பீர்கள், ஐஸ் வாங்கும் கடை ஏழரைக்குத்தான் திறக்கும் என்பது அன்றைக்குத் தெரியவரும். ஐஸை முந்தின நாளே வாங்கி வைக்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

7. கரையில் செய்யும் வரிசை

அ) தனியாகப் போகாதீர்கள். குறைந்தது இரண்டு பேர், ஒருவர் தண்ணீரில் இறங்கினால் மற்றவர் கரையில் எழுதுவார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை. கழிவுநீர் கலக்கும் ஏரியில் உடைந்த பாட்டில் சில்லும் உண்டு, எலிக்காய்ச்சல் ஆபத்தும் உண்டு. காலில் புண் இருந்தால் அன்றைக்கு எழுதுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆ) முதலில் குறிப்பேடு: நாள், மணி, இடம், வானம், முந்தின நாள் மழை உண்டா, தண்ணீரின் நிறம், நாற்றம், கரையில் என்ன நடக்கிறது. பென்சிலில் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் கரைந்துவிடும். கரையில் எருமை குளித்துக்கொண்டிருந்ததா என்பது இன்றைக்குச் சில்லறை விஷயம். ஜூன் 20-ஆம் தேதி ஓர் எண் மட்டும் ஏன் துருத்துகிறது என்று மண்டையை உடைக்கும்போது அந்த எருமைதான் விடை சொல்லும்.

இ) பாட்டிலுக்குப் பெயரிடுவது வீட்டிலேயே முடிந்திருக்கவேண்டும். மார்க்கரால் கண்ணாடி மேல் எழுதிய என் முதல் தொகுதி ஐஸ் உருகிய நீரில் அழிந்துபோய், மூன்று இடமும் ஒரே இடமாக வந்து சேர்ந்தது. ஒட்டுத்தாளில் பென்சிலால் எழுதி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள்.

ஈ) இறங்கிய இடத்தில் எடுக்காதீர்கள். உங்கள் கால் கிளப்பிய சேறுதான் பாட்டிலில் ஏறும். நாலடி முன்னால் கையை நீட்டி, தண்ணீர் ஓடிவரும் திசையைப் பார்த்து நின்று, சுமார் 30 செ.மீ. ஆழத்தில் பாட்டிலைத் திறந்து நிரப்புங்கள். மேல்மட்டத்தில் மிதக்கும் பாசிப் படலம் உள்ளே வரக்கூடாது.

உ) பொதுவாகப் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசவேண்டும். ஆனால் அமிலம் முன்கூட்டி ஊற்றிய பாட்டிலையும், நுண்ணுயிர்ச் சோதனைக்கான கிருமிநீக்கிய பாட்டிலையும் அலசக்கூடாது. எல்லாவற்றையும் பழக்கத்தில் அலசிவிட்டு அப்புறம் தலையில் கைவைத்தவர்கள் உண்டு. பாஸ்பேட் பார்க்கும் பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவாதீர்கள். அந்தத் தூளிலேயே பாஸ்பேட் இருக்கலாம்.

ஊ) வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன் மூன்றையும் கரையிலேயே அளந்து எழுதுங்கள். மிச்சம் ஐஸ்பெட்டிக்குள். ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தில் இரட்டை மாதிரி எடுங்கள். வாலை வடிநீர் மட்டும் நிரப்பிய பாட்டில் ஒன்றும் கூடவே பயணம் போய்வரட்டும். அதில் நைட்ரேட் காட்டினால் அழுக்கு உங்கள் பாட்டிலில், ஏரியில் இல்லை.

8. கரைந்த ஆக்சிஜன்: மணி பார்க்காத எண் வெறும் எண்

பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடும். இரவு முழுக்க எல்லா உயிரும் மூச்சுவிட்டு அதைக் குறைக்கும். பச்சையாகக் கிடக்கும் ஏரியில் இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிது. நான் முதல்முறை மதியம் இரண்டு மணிக்கு எடுத்து லிட்டருக்கு 13 மில்லிகிராம் என்று காட்டினேன். ஏரி ஆரோக்கியமாக இருக்கிறது என்று ஒரு பத்தி வேறு எழுதியிருந்தேன். என் வழிகாட்டி தாளைக்கூடத் தொடவில்லை. "எத்தனை மணிக்கு எடுத்தே?" என்று மட்டும் கேட்டார். 30 டிகிரி நீரில் காற்றோடு சமநிலையில் கரைந்திருக்கக் கூடியதே சுமார் 7.5 மில்லிகிராம்தான். 13 என்றால் பாசி மிஞ்சிப்போயிற்று என்று அர்த்தம். மறுநாள் அதே இடத்தில் காலை ஆறு மணிக்கு 2.

ஆகவே எல்லா நாளும் ஒரே நேரத்தில், அதிகாலையில் எடுங்கள். மீன் செத்து மிதப்பது அந்த நேரத்து அளவால்தான். முடிந்தால் ஒரே ஒரு நாள் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப்பாருங்கள். கோடை முழுக்கச் சேரும் எண்களைவிட அந்த ஒருநாள் வரைபடம் அதிகம் சொல்லும்.

மீட்டர் இல்லையென்றால் விங்க்ளர் முறை. பாட்டிலில் ஒரு குமிழிகூட நிற்கக்கூடாது, காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்ந்துவிடும். மாங்கனஸ் சல்பேட், பிறகு காரம்-அயோடைடு-அசைடு, இரண்டையும் பிப்பெட் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி கரையிலேயே சேருங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை. வெள்ளை வந்ததும் ரசாயனம் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், கழிவுநீர் நுழைவாயில் அது உண்மையான முடிவாகவே இருக்கலாம். இப்படிப் பிடித்துவைத்த பாட்டிலை இருட்டில் வைத்துக் கொண்டுவந்து, அன்றைக்கே அமிலம் சேர்த்து, தயோசல்பேட்டால் டைட்ரேஷன் செய்யுங்கள். ஸ்டார்ச்சைக் கரைசல் வெளிர்மஞ்சளுக்கு வந்தபின்தான் விடவேண்டும். முன்னாலேயே விட்டால் அயோடினை இறுகப் பிடித்துக்கொண்டு முடிவுப்புள்ளியைத் தாமதப்படுத்தும்.

9. ஆய்வகத்துக்குத் திரும்பியதும்

முதலில் ஆக்சிஜன் டைட்ரேஷன், அடுத்து பி.ஓ.டி. வைப்பது, அதற்கப்புறம்தான் சாப்பாடு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குளிர்பதனப் பெட்டியில் 48 மணி நேரம் வரை காத்திருக்கும், பி.ஓ.டி. அவ்வளவு பொறுக்காது.

நீர்ப்பு அளவை இப்படி யோசியுங்கள். 300 மி.லி. பாட்டிலில் மாதிரி 30 மி.லி., மிச்சம் நீர்ப்பு நீர், அதாவது மாதிரியை நீர்க்கச் செய்ய ஊற்றும் தண்ணீர். ஏரியின் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்றால் மூன்று நாளில் பாட்டிலுக்குள் 3 குறையும். நல்ல கணக்கு. அதே நீரை 90 மி.லி. ஊற்றினால் 9 குறையவேண்டும், உள்ளே இருப்பதே எட்டுக்குள்தான். ஆக்சிஜன் பூஜ்யத்துக்குப் போய்விடும், எண் செல்லாது. குறைந்தது 2 குறைந்து, கடைசியில் குறைந்தது 1 மிஞ்சியிருக்கும் பாட்டிலை மட்டும் கணக்கில் எடுங்கள். மூன்று நீர்ப்பு வைப்பது இதற்காகத்தான். பாட்டிலை எடுக்கும் வரை, மூடியைச் சுற்றிக் காற்றைத் தடுக்கும் நீர்ப்பூட்டு வற்றாமல் பாருங்கள். மின்தடை வந்தால் எத்தனை மணி நேரம் என்று குறித்துவையுங்கள்.

10. எண்களை அன்றைக்கே ஏற்றுங்கள்

குறிப்பேட்டுப் பக்கத்தை அன்று மாலையே போனில் படமெடுத்து, எக்செல்லில் ஏற்றிவிடுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் கணக்குப் போடுங்கள். பியூரெட் அளவைத்தான் எழுதவேண்டும், மனதில் கணக்குப் போட்ட விடையை அல்ல. தவறு எங்கே என்று தேடும்போது விடையிலிருந்து பின்னால் போகமுடியாது.

கருவி காட்டாத அளவை 0 என்று எழுதாதீர்கள், "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று எழுதுங்கள். பி.எச். எண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி சொல்லாதீர்கள். அது மடக்கை அளவு, குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று கொடுத்தால் போதும். பிடிக்காத எண்ணை அழிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பக்கத்தில் ஒரு குறியிட்டுக் காரணம் எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள்.

11. வாரம் ஒருமுறை, பதினைந்து நிமிடம்

ஆசிரியர் கூப்பிடட்டும் என்று காத்திருந்து மூன்று வாரம் தவறான நீர்ப்பில் ஓட்டியவர்கள் உண்டு. ஒரு கிழமையை நீங்களே குறித்துக்கொண்டு போங்கள்: இந்த வார அட்டவணை, ஒரு சந்தேகம், அடுத்த வாரத் திட்டம். அதற்கு மேல் வேண்டாம். கெடுத்துவிட்டதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். திட்டு விழும். ஆனால் ஒருவார மாதிரியோடு முடிந்துவிடும்.

கட்டுரையாக வெளிவந்தால் யார் யார் பெயர், எந்த வரிசையில் என்பதை இப்போதே தயங்காமல் கேளுங்கள். முடிவில் கேட்டால் சங்கடம்.

12. எதோடு ஒப்பிடுவது

மிக அதிகமாக நடக்கும் தவறு, ஏரி நீரைக் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிட்டு "தரம் மீறியது" என்று எழுதுவது. ஐ.எஸ். 10500 குடிக்கும் தண்ணீருக்கானது. ஏரிக்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் பயன்பாட்டு வகைகள் இருக்கின்றன. குளிக்கத் தகுந்த நீருக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், பி.ஓ.டி. 3-க்கு மேல் போகக்கூடாது. மீன், காட்டுயிர் வளர்ப்புக்கு ஆக்சிஜன் 4 இருந்தால் போதும். இந்த ஏரியை மக்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து வகையை எடுங்கள்.

அறிக்கையில் முறை, முடிவு இரண்டையும் முதலில் எழுதிவிட்டு முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். மூன்று நாள் மாதிரியை வைத்து "ஏரி அழிந்துகொண்டிருக்கிறது" என்று எழுதமுடியாது. "மே, ஜூன் மாதங்களில் அதிகாலையில் எடுத்த மூன்று மாதிரிகளிலும் நுழைவாயில் ஆக்சிஜன் 2-க்குக் கீழே" என்று எழுதலாம். பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதில்கூடப் போடவேண்டாம்.

13. கரைக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள்

குத்தகைக்காரரும் துணி துவைக்க வருபவர்களும் வாராவாரம் "தண்ணி எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டிருப்பார்கள். ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொண்ட முடிவை மட்டும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி அவர்களிடமும், கடிதம் கொடுத்த இடங்களிலும் கொடுத்துவிடுங்கள். ஆசிரியருக்குத் தெரியாமல் பத்திரிகைக்காரரிடம் பேசவேண்டாம். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து, எத்தனை உடைந்தது என்று லேப் அண்ணனிடம் கணக்குச் சொல்லிவிட்டு, சாவியை ஒப்படையுங்கள்.